வேணி வரையாமல் விட்ட ரோடு

திண்டிவனத்தை ஊர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு சந்தேகம். சென்னையிலிருந்து வருகிறவன் நேராகப் போனால் விழுப்புரம், இடப்பக்கம் ஒடித்தால் பாண்டிச்சேரி, வலப்பக்கம் ஒடித்தால் செஞ்சியும் திருவண்ணாமலையும். அந்தச் சந்தேகத்தின் ஓரத்தில் தள்ளுவண்டி போட்டு வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றவர் வேணியின் அப்பா. பொட்டலம் வாங்க நிற்கிற வண்டிகளைவிட வழி கேட்க நிற்கிற வண்டிகளே அதிகம். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன மனுஷன், அந்த இலாகாவைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளிடம் ஒப்படைத்துவிட்டார்.

பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே வேணி ஒன்றைக் கண்டுபிடித்தாள். கார் ஓட்டுகிற பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு இடது எது, வலது எது என்று சட்டென்று விளங்குவதில்லை. கிழக்கு, தெற்கு என்றால் வானத்தைப் பார்க்கிறார்கள். அதனால், "சோறு திங்கிற கைப் பக்கம் போனா செஞ்சி, திங்காத கைப் பக்கம் போனா பாண்டி" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு யாரும் வழி தவறியதாகத் தகவல் இல்லை. தவறியவர்கள் திரும்பி வந்து சொல்லவா போகிறார்கள்.

பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் தேர்வு என்றால் நிலப்படக் கேள்வி உண்டு. மற்றப் பிள்ளைகள் நதிகளைக் கடலிலிருந்து மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், வேணி இந்தியாவையே வெறுங்கையால் வரைவாள். கோலம் போட்டுப் பழகிய கை. குஜராத்தின் மூக்கும் சரியாக வரும், குமரியின் முனையும் சரியாக வரும். சோட்டா நாகபுரி பீடபூமியை அவள் வைத்த இடத்தில் வாத்தியாரே வைத்ததில்லை. பீடபூமி கைகொடுத்தது, கணக்கு காலை வாரியது. வேணி மல்லாட்டை வண்டிக்கே திரும்பினாள்.

அங்கேதான் தாண்டவராயன் வந்தார். லாரி டிரைவர். பாண்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் லாரியை ஓரம்கட்டி அதையே கேட்டபோது வேணிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாய்யா, லாரி ஓட்ற, ரோடு மறந்து மறந்து பூடுதா?"

"ரோடு மறக்கல. வழி சொல்ற ஆளு என்னிய மறந்துடப் போவுதுன்னுதான்."

அப்பா விசாரித்தார். சொந்தம் எங்கேயோ சுற்றி வந்து ஒட்டியது. கல்யாணம் முடிந்து வேணி கரைமேட்டூருக்கு வந்து சேர்ந்தாள். விழுப்புரத்துக்கும் வளவனூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது.

தாண்டவராயன் வடநாட்டு லோடு ஓட்டினார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் இருவருக்கும் ஒரே வாக்குவாதம். அவள் படத்தில் பார்த்த தேசத்தில் அவர் டீ குடித்திருந்தார். "நீ பென்சிலால தொட்ட எடத்துலதான்டி நான் பஞ்சர் ஒட்டினேன்" என்பார். "படத்துல மேடு பள்ளம் தெரியாது வேணி. கியர்லதான் தெரியும்." அதற்குத்தான் சம உயரக்கோடு என்று ஒன்று இருக்கிறது, நெருக்கமாக வந்தால் செங்குத்து, விலகி வந்தால் மெல்லிய சரிவு என்று அவள் விளக்குவாள். "அந்தக் கோட்ட ரோட்டு மேல போட்டிருந்தா எனக்கு டீசல் மிச்சம்" என்பார் அவர். பெண் கலைப்பிரியா பிறந்து, வளர்ந்து, ஓசூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த வாக்குவாதம் முடியவில்லை.

பிறகு சர்க்கரை வந்தது. சர்க்கரையோடு ராத்திரி பகலாக விழுங்கிய வலி மாத்திரைகளும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன. நாக்பூர் வரை ஓட்டியவரின் தேசம் சுருங்கிப்போனது. வாரத்தில் இரண்டு நாள், வீட்டிலிருந்து விழுப்புரத்துப் பெரியாஸ்பத்திரி. ரத்தத்தைக் கழுவும் மெஷினிலிருந்து வீடு. ஒரு தடவை தப்பினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், நுரையீரலுக்கு ஏறினால் மூச்சு நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு ரோடுதான் அவருக்கு உயிர்.

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரைமேட்டூருக்குப் பேரில்தான் மேடு. ஏரிக்குக் கீழே, சட்டி மாதிரி பள்ளத்தில் கிடக்கும் ஊர். வெளியே போக வடக்கே ஒரு தரைப்பாலம்; நல்ல மழை பெய்தால் பாலம் தரையோடு தரையாகத் தண்ணீருக்குள் போய்விடும். தெற்கே இன்னொரு ரோடு உண்டு. அது சுடுகாட்டுக்குப் போகிறது. சுடுகாட்டைத் தாண்டி நேராகப் போய் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. ஒரு மழைக்காலத்தில் பாடை தூக்கியவர்கள் சேற்றில் வழுக்கி, பிணம் கரும்புக் கொல்லைக்குள் உருண்டது பெரிய அவமானமாகிவிட, பஞ்சாயத்து ஆளுயரத்துக்கு மண் கொட்டி, ஜல்லி போட்டு, அந்த ரோட்டை மட்டும் கோட்டைச் சுவர் மாதிரி உயர்த்திவிட்டது. உயிரோடு இருக்கிறவர்கள் முழங்கால் சேற்றில் பால் வாங்கப் போனார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் செருப்பு நனையாமல் போனார்கள்.

அந்த ரோட்டின் பேரை யாரும் சொல்வதில்லை. 'அந்தாண்ட' என்பார்கள், அதுவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பெண்கள் அதில் கால் வைக்கும் வழக்கம் இல்லை. இத்தனை வருஷத்தில் வேணி அதை மொட்டைமாடியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஆவணி மாதம் சங்கவி என்ற பெண் விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். வெள்ளம் வந்தால் எந்த வழியாக வெளியேறுவது, யாரை முதலில் மீட்பது என்று ஊர் ஊராக அபாய வரைபடம் தயாரிக்கிற பயிற்சியாளர். ஊர்க்காரர்களே தெருவில் கோலப்பொடியால் வரைய வேண்டும், அதுதான் முறை. யார் வரைவது என்ற கேள்விக்கு எல்லாக் கையும் வேணியைக் காட்டின. எங்கே வரைவது என்ற கேள்விக்குப் பாண்டுரங்கன் வாசலைத் தவிர வேறு பதில் இல்லை. ஊரிலேயே அகலமான சிமெண்டுத் தெரு அங்கேதான். பாண்டுரங்கன் தாண்டவராயனுக்குப் பங்காளி. நிலமும் மாடிவீடும் உள்ளவர். மகள் கல்யாணத்துக்கு அன்று காலையில்தான் பந்தக்கால் நட்டிருந்தார்.

"அழகு முக்கியம் இல்லக்கா" என்றாள் சங்கவி. "எது வடக்குன்னு மொதல்ல போடுங்க. அப்புறம் அளவு. அப்புறம் எது எதுக்கு இன்னா அடையாளம்னு ஓரத்துல குறிப்பு."

"வடக்கு தெரியாமயா மேடம் இத்தினி நாளா தலைய வேற பக்கம் வச்சி படுத்துக்கினு இருக்கோம்" என்றாள் எதிர்வீட்டுச் சின்னபொண்ணு.

நூறு தப்படிக்கு ஒரு சாண் என்று அளவு முடிவானது. நீலப் பொடியில் ஏரி, செங்கல் தூளில் மாடிவீடு, வேப்பிலையில் தோப்பு, புளியங்கொட்டையில் கிணறு. அளவுப்படி போட்டதில் சின்னபொண்ணு வீடு நகத்தளவு வந்தது.

"என் வூடு இம்மாத்துண்டா? பாண்டு மாமா வூட்ல மட்டும் ரெண்டு லாரி நிறுத்தலாம் போல கீது."

"அவுரு வாசல்ல குந்திக்கினு அவுரு வூட்ட சின்னதா போட முடியுமா" என்றாள் வேணி. சிரிப்பு எழுந்தது. பாண்டுரங்கனும் சிரித்தார்.

வடக்கில் தரைப்பாலம் போட்டு, கை தெற்கே நகர்ந்தது. வெள்ளைப்பொடியில் ஒரு கோடு ஒரு சாண் அளவுக்கு வந்துவிட்டது. பாண்டுரங்கன் பக்கத்தில் வந்து குனிந்தார். சிரிப்பு போயிருந்தது.

"பந்தக்கால் நட்ட வாசலு வேணி. இங்க போயி அத்த வரையறியா?"

"ரோட்ட மட்டும் போடறேன் மாமா."

"ரோட்ட போட்டா எங்க போவுதுன்னு அந்தப் பொண்ணு கேக்கும். வாயத் தொறந்து சொல்லுவியா? மாப்ள வூட்டுக்காரங்க காலு வைக்கிற எடம்."

"வுட்றி" என்றாள் சின்னபொண்ணு. "அந்தாண்ட போறவனுக்கு மேப்பு எதுக்கு?"

வேணிக்கும் அது சரி என்றே பட்டது. பொடிக்கை தயங்கியதற்குக் காரணம் பாண்டுரங்கன் மட்டுமில்லை. அந்த இடத்தை விரலால் தொட்டு வரைந்தால் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கும் பயம் இருந்தது. வீட்டில் அப்படிப்பட்ட உடம்போடு ஓர் ஆள் இருக்கிறபோது எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது. உள்ளங்கையால் கோட்டைத் துடைத்துவிட்டுப் பச்சைப்பொடியைத் தூவினாள். கரும்பு.

"வேற ரோடு எதுவும் வுட்டுப்போவலையே?" சங்கவி கேட்டாள்.

"இல்ல மேடம்" என்றது ஊர். ஊர் ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

சங்கவி மாடியேறிப் படம் எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் அது கம்ப்யூட்டரில் நேராகி, ஃபிளெக்ஸாகி, நாலு இடங்களில் சீல் வாங்கி, பஞ்சாயத்து ஆபீஸ் சுவருக்கு வந்தது. அடியில், 'வரைந்தவர்: வேணி தாண்டவராயன்'. அவள் பேர் அச்சில் வந்தது அதுவே முதல்முறை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெற்கே தேடினார்.

"இன்னா வேணி, மெயின் ரோட்டயே காணும்?"

"போட வுடல."

"நல்லதுதான். இல்லாத ரோட்டுல எவன் என்னிய இட்டுக்கினு போறான் பாக்கறேன்." மூச்சு வாங்கச் சிரித்தார். பாண்டுரங்கன் மகள் கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. தாண்டவராயன் உப்பில்லாமல் பந்தியில் சாப்பிட்டார்.

கார்த்திகையில் புயல் வந்தது. முதல் நாளே பஸ் நின்றுவிட்டதால் மெஷினுக்குப் போகவேண்டிய முறை தவறியது. மறுநாள் விடிகிறபோது ஏரிக்கரை வடக்கே உடைந்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர். பாண்டுரங்கன்தான் வந்து தாண்டவராயனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தன் மாடிக்கு ஏற்றினார். தெருவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மீதிப் பேர் பள்ளிக்கூட மாடியில். தாண்டவராயனால் படுக்க முடியவில்லை. படுத்தால் தண்ணீருக்குள் அமுக்கினது போல் திணறினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முகம் ஊதியிருந்தது, கால் பானை மாதிரி.

வேணி மீட்பு எண்ணுக்குப் போன் போட்டாள். வெகுநேரம் கழித்து ஒருவர் எடுத்தார்.

"கரைமேட்டூரா? உங்க ஊர் மேப் என் முன்னாடிதான்மா இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"பெருமாள் கோயில் தெரு சார். செங்கல் கலர்ல பெரிய வீடு."

"ஆங், தெரியுது. போட் கிளம்பிடுச்சு, தரைப்பாலம் வழியா."

"பாலத்தாண்ட தண்ணி இழுப்பு ஜாஸ்தி சார். தெக்கால ஒரு ரோடு கீது. ஹைவேஸ்லேர்ந்து உள்ள வரும். அது முங்காது. அதுல ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

காகிதம் புரளும் சத்தம். "தெக்கால கரும்புதாம்மா போட்டிருக்கு."

"ரோடு இருக்கு சார். படத்துல இல்ல."

"மேலேர்ந்து எடுத்த படத்துலயும் ஒரே மரமாத்தான் தெரியுது. இல்லாத ரோட்டுக்கு வண்டிய அனுப்பி அது மாட்டிக்கினா நான்தான்மா பதில் சொல்லணும். ஊர்க்காரங்களே போட்ட மேப்பு இது. யாரு போட்டாங்களோ அவங்களக் கேளுங்க."

"நான்தான் சார் போட்டேன்."

"அப்ப ஏம்மா போடல?" என்று கேட்டார் அவர். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்கு என்ன சொல்வது? பந்தக்கால் என்றா? "போட் வருதும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போட் வந்தது. தரைப்பாலம் வரை. அங்கே சுழலில் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, பனைமரத்தில் மோதி, திரும்பிப் போய்விட்டது என்று பள்ளிக்கூட மாடியிலிருந்து கத்திச் சொன்னார்கள். பெரிய போட் வரும் என்றது போன். ஊரும் காத்திருந்தது. வேணியும் காத்திருந்தாள். மாடியின் பின்பக்கம் போய் நின்றால், தண்ணீருக்கு நடுவில் அந்த ரோடு முங்காமல் நீளமாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாரும் முன்பக்கமே நின்றார்கள்.

மதியத்துக்கு மேல் உதடு நீலமாகத் தொடங்கியது. வேணி பாண்டுரங்கனிடம் போனாள்.

"மாமா, அந்தாண்ட தூக்கிக்கினு போயிடலாம்."

"உசுரோட இருக்கற மனுசன... அந்த வழியில..." என்று பாண்டுரங்கன் இழுத்தார்.

நாற்காலியிலிருந்து தாண்டவராயனே பேசினார், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக. "ஏன்டா... ஒன்வேயா அது? போர்டு... எங்க வச்சிக்கீறீங்க?"

பாண்டுரங்கன் துண்டைத் தலையில் கட்டினார். இரண்டு மூங்கிலை நாற்காலிக்குக் கீழே கொடுத்துக் கயிற்றால் இறுக்கினார். தூக்க நாலு பேர் தயார். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அந்த ரோட்டில் நாலு பேர் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாலு ஆகாது, ஐந்தாவதாக ஓர் ஆள் மூங்கிலைத் தொட்டுக்கொண்டாவது வர வேண்டும் என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை. மாடியில் மிச்சமிருந்தது பெண்களும் நடமாட்டமில்லாதவர்களும். மோட்டார் மெக்கானிக் சீனுவாசனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவன் கயிற்றைப் பிடித்து, மரத்துக்கு மரம் தாவி, நீந்தி வந்து சேர ஆன நேரத்தில் தாண்டவராயனின் தலை தொங்கத் தொடங்கியிருந்தது. ஒரு மனிதரைப் பிணமாக்கிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

இடுப்புத் தண்ணீரைக் கடந்து ரோட்டின் மேட்டில் ஏறியதும் எல்லாருக்கும் கால் லேசானது. ஜல்லிகூட நனைந்ததோடு சரி. வேணி முதல்தடவையாக அதில் கால் வைத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் குடை பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"பாத்தியா ரோட்ட" என்றார் அவர். "ஒரு பள்ளம்... இல்ல. டாப் கியர்லயே... போவலாம்."

"பேசாதீங்க. மூச்ச புடிச்சிக்கினு இருங்க."

சுடுகாட்டுக் கொட்டகை வந்தபோது ஐந்து பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் அவர்கள் பார்க்கவில்லை. கொட்டகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அவர்கள் முகத்தை நேராக்கும் முன்பே, குடைக்கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் விட்டன. கை தொடையில் விழுந்து, அங்கிருந்து நழுவித் தொங்கியது. வேணி அதை எடுத்து மடியில் வைத்தாள். மறுபடி நழுவியது. வைத்து, தன் கையால் அழுத்திக்கொண்டாள்.

சொன்னால் நாற்காலி நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நின்றால் திரும்பும். கொட்டகை பின்னாலேயே, கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வீட்டில் தண்ணீர், எல்லாம் வசதியாகப் பக்கத்திலேயே இருக்கிறது என்று நல்ல மனதோடுதான் திருப்புவார்கள். அதோடு, அவள் டாக்டர் இல்லையே. விரல் விட்டதை வைத்து யார் எதைச் சொல்லிவிட முடியும்.

"தோ, ஹைவேஸ் தெரியுது பாருங்க" என்றாள் அவரிடம். "லாரி போவுது. பன்னெண்டு சக்கரம்." பாண்டுரங்கன் திரும்பிப் பார்க்காமல், "தைரியமா இருடா தாண்டவா" என்றார். பெருமழையில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஐந்து பேரும் அதை நம்பி ஓடினார்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு பால் வண்டி ஏற்றிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக்கூட அதிகநேரம் வைக்கவில்லை.

"எப்பம்மா மூச்சு நின்னுச்சு?"

"வர்ற வழியில."

"எந்த எடம்?"

வேணி யோசித்தாள். சோறு தின்கிற கை, தின்னாத கை என்று உலகத்துக்கே வழி சொன்னவள். "அந்த எடத்துக்குப் பேரு இல்ல சார்" என்றாள். டாக்டர் 'வழியில்' என்றே எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அமரர் ஊர்தி கிடைத்தது. பாண்டுரங்கனும் மற்றவர்களும் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். டிரைவர் சின்ன வயசுப் பையன். வேணி அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"இங்க ரோடே காட்டலியேம்மா" என்றான் அவன், போனைத் தட்டிக்கொண்டே.

"காட்டாது. ஒடி நீ."

வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கியது. மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு சாய்ந்து அழுகிய வாடை வந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். விறகு நனைந்துபோனதால் குழி வெட்டியாகிவிட்டது. பக்கத்தில் குவித்த ஈரமண்ணைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் ரோட்டுக்கு நடுவில் வந்து கையைக் காட்ட, வண்டி மெதுவானது. ஜன்னலோரம் வந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"வூட்ல இன்னும் முழங்கால் தண்ணி வேணி. படுக்கவைக்க எடம் இல்ல. அதுவும் இல்லாம, இந்தாண்டலேர்ந்து ஊருக்குள்ள பொணத்த எடுத்தாந்தது எந்தக் காலத்துலயும் இல்ல. எல்லாம் இங்கியே ரெடி பண்ணிட்டோம். ஜல்தியா முடிச்சிடலாம்மா."

"பிரியா வந்துகினு இருக்கா மாமா. ஓசூர்லேர்ந்து."

"இங்க வந்து மூஞ்சி பாக்கட்டும்."

"அது அப்பாவ இங்க வந்தா பாக்கும்?"

பாண்டுரங்கன் வண்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் நின்ற நாலு பேரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் பையன் என்ஜினை அணைக்கச் சாவிக்குக் கையைக் கொண்டுபோனான்.

"அணைக்காத தம்பி" என்றாள் வேணி. "வூடு இன்னும் வரல. நேராப் போ."

பாண்டுரங்கன் கையை எடுத்தார். பையன் கியரைத் தள்ளினான். தண்ணீர் தொடங்குகிற இடம் வரை ரோடு தெளிவாகத் தெரிந்தது.